ஒன்றாம் எண்ணுக்குக் கதவில்லை

பகடை உருட்டுகிறவன் பொய் சொல்லலாம், பகடை பொய் சொல்லாது என்பது மாஸ்டரின் கட்சி. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பான். ஏழாம் நாள், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, அவன் ஒரு உலகத்துக்கே மாஸ்டர். அந்த உலகத்தின் பெயர் பனிக்கரை. கடல், கிணறு, பூதம், ஆடு உட்பட எல்லாம் அவனே படைத்தது.

விளையாட்டு என்றால் ஓடியாடுகிற விளையாட்டு இல்லை. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் அந்தப் படியில் இறங்குகிறேன் என்று வாயால் சொல்வார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நாலாமவனான மாஸ்டர் சொல்வான். அடுத்தது என்ன ஆகும் என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இதற்கென்று கடையில் வழுவழு அட்டை போட்ட சட்டப் புத்தகங்கள் விற்கிறார்கள். மாஸ்டர் அவற்றைத் தொடமாட்டான். அதில் வருகிறவர்கள் வயிற்றில் ஈட்டி பாய்ந்தாலும் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுகிறார்கள், அது என்ன பிழைப்பு என்பான். அவனுக்குப் பழைய பாணிதான் உசத்தி. எண்ணெய் தீர்ந்தால் இருட்டு. செத்தால் செத்ததுதான். யாருக்காகவும் மாஸ்டர் மனம் இரங்கக் கூடாது.

சட்டங்களை அவன் எழுதி வைத்திருந்தது கம்பெனி கொடுத்த லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில். பச்சை அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கண்ட கோளாறு, செய்த வேலை, சரிபார்த்தவர் கையொப்பம் என்று நாலு கட்டம் அச்சடித்திருக்கும். கண்ட கோளாறு என்ற இடத்தில் பூதத்தின் பெயர் இருக்கும். செய்த வேலை என்ற இடத்தில் அது எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு. கடைசிக் கட்டத்தில் மறக்காமல் கையெழுத்துப் போடுவான். சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டால் ஆள் விழுவான் என்பது அவன் தொழிலில் முதல் பாடம். அந்தப் பழக்கம் பூதத்திடமும் போகவில்லை.

விளையாடுகிற இடம் மாஸ்டருடைய அத்தானின் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். பாடம் நடத்துவதற்காக ஒரு டப்பா நிறையப் பொம்மைக் கார்கள் உண்டு. பனிக்கரையில் அவைதான் பூதங்கள். சிவப்பு பஸ்ஸை எடுத்து மேசைமேல் வைத்தால் டிராகன் வந்துவிட்டது என்று அர்த்தம். அத்தான் வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்தபடி, மெதுவா, மெதுவா என்று கெஞ்சுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவர் பூட்டுத் திருடன். பகடையை உருட்டத் தெரியாது, எறியத்தான் தெரியும். இன்னொருத்தி பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸ். ஆ காட்டுங்க, வலிக்காது என்று ஆறு நாள் கொஞ்சிவிட்டு ஏழாம் நாள் கோடாலியால் கண்டதையும் வெட்டுவாள். நடந்ததையெல்லாம் தேதி போட்டுக் குறிப்பெடுப்பதும் அவள்தான்.

மூன்றாவது ஆள் அக்கா. மாஸ்டருக்குக் கூடப் பிறந்தவள், அத்தானின் மனைவி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இருபது டன் பெட்டியைக் கப்பலுக்குள் முட்டை வைப்பதுபோல வைப்பாள். பகடையையும் அப்படித்தான் வைப்பாள். அவள் கையிலிருந்து ஒரு பகடைகூட இதுவரை மேசையின் ஓரத்தைப் பார்த்ததில்லை. பனிக்கரையில் அவள் விளக்குக்காரி.

பனிக்கரை ஒரு துறைமுக ஊர். ஊர் எல்லையைத் தாண்டினால் மூடுபனி. விளக்கோடு போகலாம். ஒரு தடவை உள்ளே போய் வர ஒரு விளக்கு எண்ணெய் செலவாகும். உள்ளே போனதும் விளக்கைப் பிடித்திருப்பவர் பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு நேரே பனிப் பட்டியலில் எழுதியிருப்பது எதிரே வரும். பட்டியல் மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். விளக்கில்லாமல் போகிறவர் தொலைந்துபோவார். அவர் பெயரை மாஸ்டர் பட்டியலில் ஓர் எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்வான். என்றைக்காவது பகடை அந்த எண்ணைக் காட்டினால் அன்று அவர் திரும்புவார்.

ஆட்டம் தொடங்கின முதல் மாதமே விளக்குக்காரி தன் தம்பியைத் தொலைத்துவிட்டாள். நிஜத் தம்பி இல்லை, கதைத் தம்பி, பத்து வயது. மாஸ்டர் சும்மா ஒரு ஓரத்துக்காகப் படைத்தவன். பனிக்குள் ஒரு பாழடைந்த வீட்டில் அவனை நிறுத்திவிட்டு, இருந்த ஒரே விளக்கைத் தூக்கிக்கொண்டு அக்கா மேல்மாடியில் பெட்டி தேடப் போனாள். பெட்டி காலி. கீழே வந்தால் ஆள் இல்லை, கதவு திறந்து கிடந்தது. பகடைதான் அப்படிச் செய்தது. அக்கா அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக, அவனைத் தேடலாம் என்றாள். அதற்கப்புறம் விளக்கை ஒரு நிமிடமும் யார் கையிலும் கொடுத்ததில்லை. இரண்டு வருடமாக எல்லாரும் அந்தப் பையனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போகிற வழியில் டிராகன் வந்தால் அடிப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் வருவதற்கு முன்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை எதுவும் கிடையாது. அதைவிட மோசம், பேச ஒன்றும் கிடையாது. சாப்பிட்டியா என்று அவள் கேட்பாள், ஆச்சு என்று இவன் சொல்வான், சரி வைக்கிறேன் என்று போன் நின்றுவிடும். ஐந்து வருடம் அப்படியே ஓடியது. இப்போது புதன்கிழமையானால் அவளே கூப்பிட்டு, அந்தக் கிணற்றடியில் ஒரு காலடி இருந்ததே, அது யாருடையது என்று அரை மணி நேரம் குடைவாள். பேச்சு எங்கெங்கோ போகும். சின்ன வயதில் யார் யாரை அடித்தார்கள் என்பதுவரை போகும். அந்தப் புதன்கிழமைகள் மாஸ்டருக்கு உயிர். வெளியே சொன்னதில்லை.

இப்போது அக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரப் பயண தூரத்தில் வேறு துறைமுகம். அத்தானும் ஸ்கூலை ஒரு கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் கூடப் போகிறார். போன ஞாயிறு, ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது, அக்கா, தேடலில் கிடைத்த தடயங்களைக் குறித்து வைக்கும் தன் நோட்டைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வாரம்தான்டா கடைசி. அதுக்குள்ள அவன் வந்தா சரி. வரலேன்னா நோட்ட மூடிடறேன். வராத புள்ளைய ஊரு விட்டு ஊரு போயும் தேடிட்டிருக்க என்னால முடியாது.”

நோட்டை மூடினால் புதன்கிழமையும் மூடும், மறுபடி சாப்பிட்டியா, ஆச்சுதான். ஆனாலும் மாஸ்டர் வீறாப்பாக, பட்டியலில் அவன் இருக்கிறான், பகடை மனசு வைத்தால் வருவான் என்று சொல்லி அனுப்பினான்.

அது நடந்தது ஞாயிறு. வெள்ளிக்கிழமை காலை ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடத்திலிருந்து புகார் வந்தது. ஒன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரப் பெண்மணி கொடுத்தது. கீழே லிஃப்ட் வாசலில் ஒரு துணிப் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே ஒன்று என்று பட்டன் இருக்கிறது, அழுத்தினால் விளக்கும் எரிகிறது, ஆனால் லிஃப்ட் நேராக இரண்டில் போய்த்தான் நிற்கிறது, ஒரு மாதமாக இதே கூத்து என்றாள். மாஸ்டர் மேலே போய்ப் பார்த்தான். ஒன்றாம் மாடியில் லிஃப்டுக்கு வாசலே இல்லை. முன்னால் இருந்தவர்கள் யாரோ செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள்.

“ஒண்ணாம் மாடிக்குக் கதவே இல்லம்மா. நீங்க வருஷக்கணக்கா அழுத்தினாலும் நிக்காது” என்றான் இறங்கி வந்து.

“அப்ப எதுக்குங்க பட்டன மட்டும் விட்டு வெச்சிருக்கீங்க? நான் பாட்டுக்கு நின்னுரும் நின்னுரும்னு அழுத்திட்டே இருக்கேன்.”

கேட்டுவிட்டு அவள் பொட்டலத்தோடு படியேறிப் போய்விட்டாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பட்டனைக் கழற்றத் தொடங்கினான். இரண்டாவது திருகு பாதி கழன்றபோது சிரிப்பு நின்றது.

தொலைந்த தம்பியின் பெயர் பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே இருந்தது. பட்டியலை அவன் எழுதியபோது பகடை ஒன்றுதான், பன்னிரண்டு முகம் கொண்டது. ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எது வேண்டுமானாலும் விழும். தம்பி தொலைந்த மறு வாரம் அத்தான் அதை ஜன்னல் வழியாகத் தெருச் சாக்கடைக்கு எறிந்துவிட்டார். வேண்டுமென்று இல்லை, அவர் எறிகிற லட்சணம் அப்படி. அன்றைக்கே மாஸ்டர் கடுப்பில் ஒரு சட்டம் எழுதினான்: மேசையைத் தாண்டிய பகடை செத்த பகடை, கணக்கில் சேராது, அந்த முறைக்கு அதை மறுபடி உருட்டவும் கூடாது. கையோடு, இனிமேல் பனிக்குச் சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம், அதிலும் பன்னிரண்டுவரை வரும்தானே என்று மாற்றினான். பன்னிரண்டு வரும். ஒன்று எப்படி வரும்? இரண்டு பகடையில் மிகச் சிறியது இரண்டு. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்குச் சறுக்கினது தெரியும். இவன் இரண்டு வருடமாக அது தெரியாமலே நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறான். பதிவேட்டில் அந்தப் பக்கத்துக்குக் கீழே சரிபார்த்தவர் என்று அவன் கையெழுத்து வேறு.

மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தான். அக்காவிடம் சொல்லாமல் விடலாம். அப்படியென்றால் அவள் கடைசி ஞாயிறும் போய்த் தேடிவிட்டு, வெறுங்கையோடு வந்து நோட்டை மூடுவாள். இல்லை, எந்த எண் விழுந்தாலும் இதுதான் அந்த எண் என்று அடித்துவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, ஆனால் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மூன்றாவது வழி உண்மையைச் சொல்வது. இரண்டு வருடமாக அவளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பட்டனை அழுத்த வைத்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சனிக்கிழமை ஒரு புதுப் பக்கத்தில் பட்டியலை மாற்றி எழுதினான். தம்பியை ஏழாம் எண்ணுக்குக் கொண்டுவந்தான். இரண்டு பகடையில் அதிகம் விழுவது ஏழுதான். அதுவரை ஏழில் மேய்ந்துகொண்டிருந்த நனைந்த ஆடுகளை எட்டுக்குத் தள்ளினான். எல்லாம் சுத்தமாக முடிந்தது. கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நகரவில்லை. அதைக் காலியாகவே விட்டுவிட்டுப் பதிவேட்டை மூடினான்.

ஞாயிறு மூன்று மணிக்கு வகுப்பறை பாதி காலியாக இருந்தது. குறியீட்டுப் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள், சுவரில் வட்டமும் முக்கோணமுமாக வெளுத்த தடம். மூலையில் அட்டைப்பெட்டிகள். ஒரு பெட்டியின்மேல் அக்கா கொட்டை எழுத்தில் ‘பாத்திரம்’ என்று எழுதி அதன்கீழே ‘தூக்கிப் போடாதீங்க’ என்று கணவனுக்கென்றே தனியாக ஒரு வரி சேர்த்திருந்தாள். மேசையும் நாலு நாற்காலியும் மட்டும் அப்படியே இருந்தன. நர்ஸ் புது நோட்டு வாங்கி வந்திருந்தாள். கடைசி நாளுக்கு எதற்குப் புது நோட்டு என்று அத்தான் கேட்டார், ஆசைதான் என்றாள்.

எண்ணெயைக் கணக்குப் பார்த்தார்கள். நாலு விளக்குக்குத்தான் இருந்தது. அக்கா வழக்கம்போல இரண்டு பகடையையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

“போலாம்டா” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் புதுப் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. பதிவேட்டை விரித்துப் பழைய பட்டியலை மேசையின் நடுவில் வைத்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பன்னிரண்டு முகப் பகடை, ஜன்னல், இரண்டு பகடை, ஒன்றாம் எண் என்று எல்லாவற்றையும் வரிசையாக, தையல்காரப் பெண்மணிவரை, நடுவில் நிறுத்தாமல் சொல்லிமுடித்தான்.

அத்தான்தான் முதலில் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார். அக்கா நர்ஸைப் பார்த்து, அவனைத் தேடி மொத்தம் எத்தனை தடவை பனிக்குள் போயிருப்போம் என்று கேட்டாள். நர்ஸ் பழைய நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தொரு தடவை, எல்லாவற்றிலும் அக்காதான் உருட்டியது.

“நாப்பத்தொரு தடவையும் நான் சும்மாதான் போயிட்டு வந்தேனா?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். தப்பு என்னுடையது, நானே இப்போது அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன், எதிரே நிற்கிறான் என்று வைத்துக்கொள் என்றான். அத்தானும் அதற்கு ஒத்து ஊதினார். அக்கா தலையாட்டவில்லை.

“நீ குடுத்து நான் வாங்கிக்கறதுன்னா, தொலஞ்ச அன்னிக்கே அழுது வாங்கியிருப்பேன். உன் சட்டத்த குடு, பாக்கறேன்.”

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தாள். துறைமுகத்தில் சரக்குச் சீட்டுப் படிக்கிற மாதிரி, ஒரு விரலை வைத்து வரி வரியாகப் போனாள். பூதங்களைத் தாண்டினாள், கிணறுகளைத் தாண்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. மேசையைத் தாண்டிய பகடை செத்த பகடை. அதை ஒரு தடவை சத்தமாகப் படித்தாள். அப்படியென்றால் இரண்டில் ஒன்று கீழே விழுந்து, மேலே நிற்பது ஒன்று காட்டினால், கூட்டுத்தொகை ஒன்றுதானே என்று கேட்டாள்.

மாஸ்டர் யோசித்தான். அவள் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆமாம் என்றான்.

நர்ஸ் சட்டென்று ஒரு கேள்வி போட்டாள். வேண்டுமென்றே தள்ளிவிடுவது கள்ள ஆட்டம் இல்லையா? நியாயமான கேள்வி. கோடாலிக்காரிதான் என்றாலும் ஆட்டத்தில் அவள் நேர்மை மாஸ்டருக்கே பாடம். அக்காவும் ஒப்புக்கொண்டாள். தன் கை தள்ளினால் அது கள்ளம்தான், தன் கைக்குத் தானாக விழவைக்கவும் தெரியாது. இயல்பாகவே விழவைக்கிற கை இந்த மேசையில் ஒன்றுதான் இருக்கிறது. எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள்.

விளக்கைப் பிடித்தவர்தான் உருட்ட வேண்டும் என்பது சட்டம். அக்கா உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு, விளக்குக்காரி விளக்கைப் பூட்டுத் திருடனிடம் கொடுக்கிறாள் என்று சொல்லி, பகடைகளை அத்தானின் கையில் வைத்தாள். இரண்டு வருடமாக யார் கேட்டும் கொடுக்காத விளக்கு. அத்தானுக்கு அது புரிந்தது.

மனிதர் ஆயுளில் முதல் தடவையாகப் பகடையை மெதுவாக உருட்டினார். வகுப்பு எடுக்கிற கால் பிரேக்கில் விழுந்துவிட்டது. இரண்டும் சமர்த்தாக மேசை நடுவில் நின்றன. மூன்றும் நாலும் ஏழு, நனைந்த ஆடுகள். முதல் விளக்கு காலி. எறிய வேண்டாத இடத்திலெல்லாம் எறிந்தீர்களே, இப்போது என்ன வந்தது என்று நர்ஸ் திட்டினாள்.

அடுத்ததில் ரோஷம் வந்துவிட்டது. எறிந்தார். இரண்டுமே பறந்தன. ஒன்று ஜன்னல் கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்தது, இன்னொன்று பெட்டிகளுக்கு நடுவில் போனது. இரண்டு செத்த பகடைக்குக் கூட்டுத்தொகை பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பட்டியலில் ஒன்றும் இல்லை, வெறும் பனி என்றான் மாஸ்டர். இரண்டாவது விளக்கும் காலி.

மூன்றாவதில் ஒன்று கீழே போனது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேலே நின்றது நாலு. மூன்று கால் நாய் ஒன்று பனிக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டு வந்து கோடாலிக்காரியின் காலை நக்கியது. நல்ல நாய்தான், ஆனால் யாருக்கு வேண்டும்?

கடைசி விளக்கு. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். ஒரு பகடை நேராகப் போய்ப் பாத்திரப் பெட்டிக்குள் டங்கென்று விழுந்தது. இன்னொன்று மேசையில் பம்பரமாகச் சுற்றியது. மாஸ்டர் வாய்விட்டு வேண்டிக்கொண்டான். பகடை மனசு வைக்கும் என்று இரண்டு வருடமாகப் பேசினவன், மனசெல்லாம் அதற்குக் கிடையாது என்பது தெரிந்தும் வேண்டிக்கொண்டான். சுற்றி, சாய்ந்து, நின்றது. இரண்டு.

இரண்டுக்கு நேரே எழுதியிருந்ததை அவன் படித்துச் சொல்லவேண்டியிருந்தது. தூரத்தில் யாரோ கூப்பிடும் குரல், யாரென்று தெரியாது. அதைச் சொல்லி முடித்ததும் எண்ணெய் தீர்ந்து திரி கருகியது. ஊர் எல்லை பின்னால் பத்தடியில் இருக்கிறது, திரும்பிவிடலாம், அதற்கு விளக்கு வேண்டாம் என்றான். அத்தான், அந்தக் குரல் அவனுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லேன் மாப்பிள்ளை என்று கெஞ்சினார். மாஸ்டருக்கும் சொல்ல ஆசைதான். அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அக்கா நோட்டை மூடவில்லை. பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் திரும்பிடுங்க” என்றாள் மற்றவர்களிடம். “நான் உள்ள போறேன்.”

“விளக்கு இல்லக்கா.”

“தெரியும்.”

“விளக்கில்லாம போனா தொலஞ்சிடுவ. உன் பேரையும் பட்டியல்ல எழுதிடுவேன்.”

“எத்தனாம் நம்பர்ல எழுதுவ?”

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சட்டம் அவனுடையது, கை அவனுடையது, ஆனால் இது அவன் மூளைக்கு எட்டவே இல்லை.

“ஒண்ணு” என்றான்.

“அங்க யாரு இருக்கா?”

நர்ஸ்தான் மெல்ல, தம்பி என்றாள்.

“எழுதுடா” என்றாள் அக்கா.

ஒன்றாம் எண்ணுக்கு நேரே தம்பி என்று எழுதியிருந்த அதே வரியில், பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், விளக்குக்காரி என்று எழுத்தைச் சிறியதாக்கி எழுதினான். கையெழுத்துக் கட்டத்தில் புதிதாக ஒரு கையெழுத்தும் போட்டான். இந்தத் தடவை சரிபார்த்துப் போட்டது.

எழுதியாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றான். நான் இப்போது எங்கே இருக்கிறேன், என்ன பார்க்கிறேன் என்று கேட்டாள். பனிக்கரையில் எத்தனை கிணறு, எந்தக் கிணற்றில் எத்தனை படி என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒன்றாம் எண்ணுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. யாரும் அங்கே போவார்கள் என்று நினைத்ததே இல்லை. அவன் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடைசியாகப் பேசிய அந்தச் சின்னப் பையனின் குரலைத் தேடி எடுத்தான்.

“அக்கா, விளக்கு கொண்டு வந்தியா?”

அவள் கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“இல்லடா. இந்தத் தடவ நானும் கொண்டு வரல.”

அத்தான் கார்க் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து மூக்கைச் சிந்தினார். நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி எழுத மறந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள்தான் நடக்கவேண்டியதைப் பேசினாள். இருவர் உள்ளே, இருவரும் ஒரு நாயும் வெளியே, கையில் விளக்கு இல்லை. வெளியில் இருப்பவர்கள் எண்ணெய் தேட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் கதவு தேட வேண்டும், அந்தக் கதவை மாஸ்டர் முதலில் கட்ட வேண்டும். ஒரு வாரம் போதுமா என்று மாஸ்டரைக் கேட்டாள். போதாது என்றான், ஆனாலும் பார்க்கிறேன் என்றான். ஞாயிறு மூன்று மணி, போனில், என்று முடிவாயிற்று. புதுத் துறைமுகத்தில் மூன்று மணிக்கு வேலை இருக்காதா என்று அத்தான் கேட்டதற்கு, ஞாயிறு லீவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள் அக்கா.

பெட்டிகளுக்கு நடுவில் தவழ்ந்து பகடைகளைப் பொறுக்கினார்கள். ஒன்று கிடைக்கவே இல்லை, அது பாத்திரங்களோடு ஊர் போகப்போகிறது. எழுந்து போகும்போது அக்கா நோட்டை எடுத்தாள். திறந்திருந்த அட்டைப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அதில் போடாமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“புதன்கிழமை கூப்பிடறேன்” என்றாள்.